ஏழாம் போட்டின் நிறம்

அப்ளையன்ஸ் வருகிறது என்று நான் சொன்னதும் மேனேஜர் ரேக்கில் ஒரு தட்டைக் காலி செய்ய ஆள் விட்டுவிட்டார். பழைய பில் கட்டுகள், துருப்பிடித்த ஒரு யு.பி.எஸ்., யாரோ வைத்து மறந்துபோன அரைச் சாக்குச் சுக்கு எல்லாம் கீழே இறங்கின. எலெக்ட்ரீஷியன் வந்து தனியாக ஒரு பிளக் பாயிண்ட் போட்டுக் கொடுத்தார். மறுநாள் காலை மேனேஜர் என் மேசைக்கு வந்து நின்றார்.

"எவிடெடா சாதனம்? பார்சல் வந்நோ?"

"வந்துட்டிருக்கு சேட்டா. பாதி இறங்கியாச்சு."

"எந்த வண்டியில?"

"இன்டர்நெட்டுல."

அவர் என்னைப் பார்த்தார். புதிய பிளக் பாயிண்டைப் பார்த்தார். "பின்னே அது எதுக்கு?" என்று கேட்டார். அடுத்த வாரமே அந்த இடத்தில் ஒரு கெட்டில் வந்து உட்கார்ந்தது. நான் அங்கே வேலை பார்த்த காலம் முழுவதும் எங்கள் ஆபீசில் சாயா அந்தப் பிளக்கில்தான் கொதித்தது.

மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில், ஒரு காலத்தில் மிளகும் சுக்கும் அடுக்கிய கிடங்கின் மாடியில் இருந்தது ஆபீஸ். முதலாளிக்கு ஆழ்கடல் போட்டுகள் உண்டு. தோப்பும்படியில் ஒரு ஐஸ் பிளாண்ட், ஏலூரில் ஒரு குளிர்பதனக் கிடங்கு. இத்தனை இடத்திலும் உள்ள கம்ப்யூட்டர், கேமரா, ஸ்விட்ச், ரவுட்டர் எல்லாம் ஓடுகிறதா நிற்கிறதா என்று ஒரே இடத்தில் உட்கார்ந்து பார்க்க ஒரு மென்பொருள் வேண்டும் என்று முடிவானது. அதை நிறுவுவது என் பொறுப்பு. 'சிஸ்டம் பார்க்கிற பையன்' என்று என் பதவிக்குப் பெயர்.

அந்த மென்பொருள் ஒரு விர்ச்சுவல் அப்ளையன்ஸாக வந்தது. ஒன்றின்மேல் ஒன்றாக நாமே நிறுவிக்கொண்டிருக்க வேண்டாம். அது ஓடுவதற்கு என்னென்ன வேண்டுமோ அத்தனையையும் சேர்த்து ஒரே கோப்பாகக் கட்டி அனுப்பிவிடுவார்கள். நம்மிடம் இருக்கும் சர்வருக்குள் அதை இறக்கினால், அந்த இரும்புப் பெட்டிக்குள் தான் ஒரு தனிப் பெட்டி என்று நினைத்துக்கொண்டு அது ஓடும். இதை நான் வீட்டில் விளக்கியபோது அப்பா ஒரே வரியில் முடித்தார்.

"பொதிச்சோறுன்னு சொல்லு. இலையை விரிச்சாப் போதும்."

அப்பா போட்டில் பண்டாரி. அதாவது கடலில் நிற்கும் ஆட்களுக்குச் சமைத்துப் போடுகிறவர். தூண்டில் இழுக்கும் நேரத்தில் தூண்டிலும் இழுப்பார். கன்னியாகுமரிக் கடற்கரையிலிருந்து கொச்சி ஹார்பருக்குப் போட்டில் ஏற வந்தவர், பிறகு அம்மாவையும் கூட்டி வந்து சுள்ளிக்கல் பக்கம் ஒரு வரிசை வீட்டில் குடிவைத்தார். நான் பிறந்தது இங்கே. படித்தது மலையாளப் பள்ளியில், பிறகு பாலிடெக்னிக்கில். எங்கள் இரண்டு பக்கத்துச் சொந்தத்திலும் பள்ளிக்கூடத்தை முழுதாகக் கடந்த முதல் ஆள் நான். தமிழ் எழுத்தை நான் கற்றது ஊரிலிருந்து வரும் கல்யாணப் பத்திரிகைகளில். வீட்டில் யாருக்கும் வாசிக்கத் தெரியாது. மாப்பிள்ளை யார், பெண் யார், எந்தக் கோயிலில் கல்யாணம் என்று அம்மாவுக்குத் தெரிந்தாக வேண்டும். அப்படி எழுத்துக் கூட்டிக் கூட்டி வந்தது.

அப்பா போவது தங்குகடல். போனால் வாரக்கணக்கு. வந்தால் ஐஸும் டீசலும் ஏற்றுகிற வரைக்கும்தான் வீடு. அதிலும் பாதி உறக்கம். அவர் வீட்டில் இருந்த நாட்களைவிட அவருடைய சட்டை கொடியில் தொங்கிய நாட்கள் அதிகம். என் வேலை என்ன என்று அவருக்கு ஒருநாளும் தெரிந்ததில்லை. ஹார்பரில் யாராவது கேட்டால், "கம்ப்யூட்டரு" என்று சொல்லிவிட்டு, அதற்குமேல் யாரும் கேட்டுவிடுவார்களோ என்று பீடியைப் பற்ற வைத்துக்கொள்வாராம். அதை என்னிடம் அவரே சிரித்துக்கொண்டு சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

கோப்பு இறங்கி முடிந்ததும் அதைச் சர்வருக்குள் ஏற்றினேன். அந்தச் சர்வரிலேயேதான் கணக்குப் பிரிவின் புரோகிராமும் ஓடிக்கொண்டிருந்தது. இரண்டுக்கும் சேர்த்து மெமரி போதவில்லை. கணக்குப் பிரிவுக்காரர்கள் மதிய ஊணுக்கு எழுந்து போகும்வரை காத்திருந்து, சர்வரை அணைத்து, மெமரியைக் கூட்டி, மறுபடி எழுப்பினேன். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்துகள் வந்தன. புதிதாகக் குடிவந்தவனைத் தெருவில் நிறுத்தி விசாரிப்பது போல அது ஒவ்வொன்றாகக் கேட்டது. உன் முகவரி என்ன? வெளியே போக வாசல் எது? உன் பெயர் என்ன? எந்த ஊர் நேரம்? ஊர்ப் பட்டியலில் கொச்சி இல்லை, கல்கத்தாவைத் தேர்ந்தெடுத்தேன். எல்லாம் சொன்ன பிறகும் அதற்கு யாரையும் தெரியவில்லை. தன்னைத் தவிர வேறு ஒரு கருவியும் உலகத்தில் இல்லை என்று உட்கார்ந்திருந்தது. நான் அதைத் தவறான நெட்வொர்க்கில் மாட்டியிருந்தேன். மாற்றி மாட்டியதும் ஒவ்வொன்றாக எழுந்து வந்தன: ஐஸ் பிளாண்டின் ஸ்விட்ச், ஏலூர் கிடங்கு, கேமராக்கள், கணக்குப் பிரிவின் பிரிண்டர். திரையில் விரிந்த படத்தில் எல்லாம் பச்சைப் புள்ளிகள். அன்று ஒருவரிடமும் சொல்ல முடியாத சந்தோஷம் எனக்கு.

கடைசியாகப் போட்டுகள். கரையை நெருங்கும்போதே எவ்வளவு மீன் இருக்கிறது என்று ஏஜெண்டிடம் சொல்ல வசதியாக ஒவ்வொரு போட்டிலும் ஒரு ரவுட்டர் வைக்கத் தீர்மானித்திருந்தார்கள். பாய்மரம் நிற்க வேண்டிய இடத்தில் ஒரு கம்பி, அதன் உச்சியில் ஆண்டெனா. ஏழாம் போட் அப்பாவின் போட். அதற்கு ஒரு புனிதரின் பெயர் உண்டு. மென்பொருளில் நான் எண்ணை மட்டும் கொடுத்தேன்.

தோப்பும்படி ஹார்பரில் அன்று வெயில் காய்ந்தது. நான் போட்டை ஓட்டும் அறையான வீல் ஹவுசில் ஏறி ரவுட்டரை முடுக்கிக்கொண்டிருந்தேன். அப்பா பின்பக்கம் சோற்றுப் பானையைத் தேய்த்துக்கொண்டிருந்தார். கையைத் துடைத்துக்கொண்டு வந்து எட்டிப் பார்த்தார்.

"இதென்னலே மக்கா, பிளாஸ்கு மாதிரி?"

"ரவுட்டர் அப்பா. கரைப் பக்கம் ரேஞ்சு கிடைச்சதும் இது எங்க ஆபீசுக்குத் தகவல் சொல்லும். அங்க படத்துல இந்தப் போட்டு பச்சையாகும்."

"படத்துல நான் தெரிவேனா?"

"போட்டு தெரியும். நீங்க போட்டுக்குள்ளதான இருப்பிய."

"அப்போ நான் பச்சை" என்றார்.

டீசல் கேனைத் தூக்கிக்கொண்டு வந்த ஒருவர் சும்மா போகவில்லை. "ஓய் பண்டாரி, ஒம்ம மூஞ்சி மூணு நேரமும் அடுப்புப் பொகையில கறுத்துக் கெடக்கு. இதுல பச்சையாம்!"

"ஒனக்கு அசூயைடே. ஒன் மவன் ஒன்னைப் படத்துல போடுவானா?"

அப்பா பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார். "வந்த பொறவு ஒரு நாளு ஆபீசுக்கு வாறேன். எனக்கு அதைக் காட்டித் தரணும், கேட்டியா? மாடியில ஏறி வரலாமா எங்கள மாதிரி ஆளு?"

"வரலாம் அப்பா."

"மீன் வாடை அடிக்காத சட்டை போட்டுட்டு வாறேன்."

மறுநாள் போட் கிளம்பியது. நான் ஆபீசில் இருந்தேன். கடல்வாயான அழிமுகம் தாண்டிய பிறகும் ஏழாம் போட் வெகுநேரம் பச்சையாகவே இருந்தது. சாப்பிடப் போகாமல் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு அது சிவப்பாயிற்று. என் போனில் மெயில் வந்து விழுந்தது. ஏழாம் போட் செயலிழந்தது, தீவிரம்: மிக அதிகம். இரவுச் சாப்பாட்டு நேரத்தில் மறுபடி ஒருமுறை நினைவூட்டியது.

"என்ன சத்தம் மக்களே?" என்றாள் அம்மா.

"ஆபீஸ் மெயில்" என்று போனைக் கவிழ்த்து வைத்தேன்.

எங்கள் ஆட்களிடம் ஒரு வழக்கம் உண்டு. கடலுக்குப் போனவர் எப்போது வருவார் என்று யாரும் கேட்கக் கூடாது. நாளும் எண்ணக் கூடாது. அதற்குப் பதிலாக, "காத்து எப்படி?" என்று கேட்பார்கள். பைப்படியில், மீன் சந்தையில், பேருந்தில், ஒரு பெண் இன்னொருத்தியிடம் "காத்து எப்படி?" என்றால், உன் வீட்டு ஆள் எப்போது வருவார், எனக்கும் பயமாகத்தான் இருக்கிறது, என்றெல்லாம் அதற்குள் அடங்கிவிடும். "கொள்ளாம்", அதாவது நன்றாக இருக்கிறது, என்று பதில் சொல்வார்கள். வெளியே புழுங்கி இலை அசையாமல் நின்றாலும் "கொள்ளாம்"தான். அம்மா இதில் மிகக் கண்டிப்பு. சின்ன வயதில் நான் காலண்டரில் ஒரு நாளை வட்டமிட்டு வைத்ததற்காக அந்தக் காலண்டரையே சுவரிலிருந்து எடுத்துவிட்டாள்.

அப்பா போன பிறகுதான் அந்த வேலை வந்தது. பெங்களூரில் ஒரு பெரிய கம்பெனி. பற்பல ஊர்களின் நெட்வொர்க்குகளை ஒரே அறையில் உட்கார்ந்து பார்த்துக்கொள்ளும் வேலை. நான் மட்டாஞ்சேரியில் ஒற்றை ஆளாகச் செய்ததை அங்கே பெரிதாகச் செய்வார்கள். ஆன்லைனில் நேர்முகம் முடிந்து, உடனே சேரச் சொன்னார்கள். நான் ஒரு வாரம் தள்ளிக் கேட்டேன். தந்தார்கள். மறுபடி தள்ளிக் கேட்டபோது, இந்தத் தேதிக்கு மேல் முடியாது என்று எழுதினார்கள். அப்பாவிடம் சொல்லாமல் போக எனக்கு மனமில்லை. அவர் ஆபீஸ் மாடிக்கு ஏறி வந்து, என் நாற்காலிக்குப் பின்னால் நின்று, அந்தப் படத்தைப் பார்க்க வேண்டும். அவ்வளவுதான் ஆசை. அதற்கு ஏழாம் போட் அந்தத் தேதிக்குள் பச்சையாக வேண்டும்.

மேனேஜருக்கு வேறு கவலை. படம் அழகாக இருந்ததால், ஐஸ் பிளாண்டின் கவுண்டருக்கு மேல் ஒரு டி.வி. வைத்து அதில் அதை ஓடவிட்டிருந்தார். ஒரே நாளில் கிளம்பிய போட்டுகள் எல்லாம் கடலில், டி.வி.யில் ஒரே சிவப்பு.

"எடா மோனே, இந்தச் சிவப்பெல்லாம் மாற்று. மீன் வாங்கான் வர்றவங்க கண்டால் கம்பெனி பொளிஞ்ஞு முங்கிப் போச்சுன்னு நினைக்கும்."

"கடல்ல ரேஞ்சு இல்ல சேட்டா. அது பதில் சொல்லாது. பதில் இல்லைன்னா சாப்ட்வேருக்குச் சிவப்புதான்."

"பதில் இல்லைன்னா கெட்டுப்போச்சுன்னா அர்த்தம்? என்றெ பார்யை ரெண்டு நாளா என்கிட்ட ஒரு வார்த்தை மிண்டுறதில்ல. அவளுக்கும் சிவப்பு போடுவியா?"

அவர் விளையாட்டாகச் சொன்னது எனக்குள் தங்கிவிட்டது. அந்த மென்பொருள் ஆபீஸ் கட்டடங்களுக்காகச் செய்யப்பட்டது. அங்கே ஒரு கருவி மௌனமாக இருந்தால் அது கோளாறு. எங்கள் தொழிலில் மௌனம்தான் சாதாரண நிலை. பதில் வருவதுதான் விசேஷம். போட்டுகளுக்கு மட்டும் தனியாக ஒரு விதி எழுதினேன். பதில் இல்லையென்றால் அபாயம் என்று சொல்லாதே, மெயில் அனுப்பாதே, நீல நிறம் காட்டு. சேமித்ததும் சிவப்பு எல்லாம் ஒரேயடியாக நீலமாயிற்று. கடலில் இருப்பவர்கள் நீலம், கரையை நெருங்குகிறவர்கள் பச்சை. என் போனும் அடங்கியது.

ஐஸ் எடுக்க வரும் மீன்காரப் பெண்கள்தான் அந்த டி.வி.யை முதலில் படிக்கக் கற்றார்கள். அவர்களில் பலர் எங்கள் வரிசை வீட்டுக்காரர்கள். எந்தப் புள்ளி யாருடைய போட் என்று மேனேஜருக்கே தெரியாது, அவர்களுக்குத் தெரியும். மெல்ல மெல்லப் பைப்படியில் கேள்வி மாறியது. என்னைக் கண்டால், "மோனே, நிறம் எப்படி?" என்பார்கள். நான் "கொள்ளாம்" என்பேன். அம்மா மட்டும் கேட்கவே இல்லை. நான் போனில் படத்தைத் திறந்து நீட்டினால் முகத்தைத் திருப்பிக்கொண்டு கப்பைக்கிழங்கை உரிப்பாள்.

"கடல்ல நிக்கவங்களை எட்டிப் பாக்கப்பிடாது."

"எட்டிப் பாக்கல அம்மா. ஒரு புள்ளிதான்."

"புள்ளியா இருந்தாலும்."

என் பெங்களூர் வேலையைப் பற்றியும் அவள் அதிகம் பேசவில்லை. போகும் தேதியைச் சொன்னபோது, தலையை ஆட்டிவிட்டு என் சட்டைகளின் பொத்தான்களைச் சோதிக்க உட்கார்ந்தாள்.

போவதற்குச் சில நாள் இருக்கும்போது ஒரு காலையில் நான் ஆபீஸ் ஏறி, கெட்டிலைப் போட்டு, திரையை எழுப்பினேன். போட்டுகளைக் காணவில்லை. சிவப்பு இல்லை, நீலம் இல்லை, புள்ளியே இல்லை. ஐஸ் பிளாண்ட் இருந்தது. ஏலூர் இருந்தது. பிரிண்டர்கூட இருந்தது. கடல் இருந்த பக்கம் வெறும் வெள்ளை.

நான் அமைப்புகளைத் தேடத் தொடங்குவதற்குள் மரப்படியில் பல கால்களின் சத்தம். ஐஸ் பிளாண்டில் டி.வி.யைப் பார்த்த பெண்கள், மீன் கூடைகளைக் கீழேயே வைத்துவிட்டு ஏறி வந்திருந்தார்கள். ஒரு புயல் வருஷத்தில் எங்கள் கடற்கரையில் வீட்டுக்கு வீடு ஆள் போனதை அவர்களில் எல்லோரும் பார்த்தவர்கள். அப்போதும் முதலில் நடந்தது, கரை சேர்ந்தவர்களின் பட்டியலில் பெயர் இல்லாமல் போனதுதான். ஒருவரும் அழவில்லை. ஒருவரும் சத்தம் போடவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. கூட்டத்தின் பின்னால், முந்தானையை இழுத்துச் செருகியபடி, அம்மா.

அவள் அந்த மாடிக்கு வந்தது அதுதான் முதல் தடவை.

"ஆரு எடுத்தது?" என்றாள்.

"யாரும் எடுக்கல அம்மா. போட்டுக்கு ஒண்ணும் ஆகல. இருங்க, பாக்கேன்."

அமைப்புகளை ஒவ்வொன்றாகத் திறந்தேன். எங்கோ உள்ளே, நான் ஒருமுறைகூடத் திறக்காத ஒரு பக்கத்தில் அது இருந்தது. இத்தனை நாட்களுக்குப் பதில் தராத கருவியைப் படத்திலிருந்து தானாகவே நீக்கிவிடு. பொதிச்சோற்றோடு கட்டி அனுப்பியிருந்தார்கள். இலையை விரித்தவன் எல்லாவற்றையும் கிளறிப் பார்க்கவில்லை. நான் நிறத்தைத்தான் மாற்றியிருந்தேன். உள்ளுக்குள் அது நாளை எண்ணிக்கொண்டே இருந்திருக்கிறது.

அம்மாவிடம் சொன்னேன். "ரொம்ப நாளு சத்தம் இல்லைன்னா, இனி இல்லைன்னு நினைச்சு இந்தச் சாப்ட்வேரே எடுத்துப்போடுமாம். அது அப்படித்தான் வருமாம்."

அம்மா திரையைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"நாளு எண்ணிச்சா அது?"

"ஆமா."

"இதைச் செய்தவன் வீட்டுல ஒருத்தரும் கடலுக்குப் போறதில்லையா?"

நாள் கணக்கு இருந்த கட்டத்தில் எண்ணை அழித்தேன். காலியாக விட்டால் ஏற்றுக்கொள்ளவில்லை. குறிப்பைப் படித்தேன்: பூஜ்யம் என்றால், ஒருபோதும் நீக்காதே. பூஜ்யம் போட்டுச் சேமித்தேன். பிறகு போட்டுகளை ஒவ்வொன்றாக மறுபடி சேர்க்கத் தொடங்கினேன். முகவரி, எண், நீல விதி. ஒரு புள்ளி வந்ததும் அந்தப் போட்டுக்குரிய பெண் மூச்சை விட்டு, ஒரு அடி பின்னால் நகர்ந்து அடுத்தவளுக்கு இடம் விட்டாள். கண் மருத்துவரின் வரிசை போல நடந்தது அது. மேனேஜர் வந்து வாசலில் நின்றார். ஆபீசில் இத்தனை பேரைப் பார்த்து ஏதோ சொல்ல வாயெடுத்தவர், செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, கெட்டிலில் மேலும் தண்ணீர் ஊற்றினார்.

ஏழாம் போட் வந்தது. நீலம்.

அம்மா நகரவில்லை. பின்னால் இருந்த ஒருத்தி அவள் தோளை இடித்தாள். "ஏட்டி, மாற மாட்டியா? ஒன் ஆளு நீலமாயாச்சு. இனி எங்க ஆளுவளும் ஆவட்டும்."

"இருடி. இப்பதான பாக்கேன்."

எல்லோரும் சிரித்தார்கள். அவ்வளவு நேரம் அடக்கி வைத்ததெல்லாம் அந்தச் சிரிப்பில் வெளியே வந்தது. அம்மா விரலை நீட்டி, திரையைத் தொடாமல், புள்ளிக்கு வெகு அருகில் வைத்துக்கொண்டு நின்றாள். "இது அவியளா?" என்று மட்டும் கேட்டாள். அப்பா வந்து நிற்பார் என்று நான் ஆசைப்பட்ட இடத்தில் அம்மா நின்றிருந்தாள். அது எனக்கு அப்போது உறைக்கவில்லை. அவர்கள் இறங்கிப் போன பிறகு, காலிச் சாயா கிளாஸ்களுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தபோதுதான் உறைத்தது.

கடைசி வாரத்தில் போட்டுகள் பச்சையாகத் தொடங்கின. முதலில் இரண்டாம் போட். பிறகு ஐந்து. ஒவ்வொரு பச்சைக்கும் நான் எழுந்து ஜன்னலுக்குப் போய்த் திரும்பி வந்தேன். ஹார்பரில் இறங்கியவர்களிடம் போய், "காத்து எப்படி?" என்று கேட்டேன். கேட்டது என்ன என்று அவர்களுக்குப் புரிந்தது. "ஏழாம் போட்டு இன்னும் மேக்கே ஓடிட்டிருக்கு. சூரை மீனு நல்லாக் கெடைக்குன்னு சொன்னாங்க. ஒங்க அப்பன் கொண்டுபோன கப்பையெல்லாம் தீர்ந்து இப்ப மூணு நேரமும் மீனுதான் வைக்கானாம்" என்றார் ஒருவர். மீன் கிடைப்பது நல்ல செய்தி. நல்ல செய்திக்கு மனசு கனப்பது எனக்கு அன்று புதிது.

வேலையை ஒப்படைத்த அன்று மேனேஜரையே பக்கத்தில் உட்கார வைத்து எல்லாம் காட்டினேன். நிர்வாகிக் கணக்கின் கடவுச்சொல்லை அவரையே மாற்றச் சொன்னேன். விட்டுப் போகிறவனின் கணக்கை அன்றே மூட வேண்டும் என்பது நானே எழுதி வைத்த முறை. அதனால் என் பெயரைத் தேடி, நானே அதை அணைத்தேன். 'நிச்சயமா?' என்று ஒரு கேள்வி வந்தது. மேனேஜர் என் முகத்தைப் பார்த்தார்.

"பெங்களூருல இருந்து பார்க்க ஒரு லாகின் வெச்சுக்கோடா. ஆரும் அறியில்ல."

"வேண்டாம் சேட்டா. அது சரியில்ல."

"நீ இவ்வளவு நேரா இருந்தா கஷ்டம்தான்" என்று சொல்லிவிட்டு என் முதுகில் ஓங்கி ஒரு தட்டு தட்டினார். படத்தில் ஏழாம் போட் நீலமாக இருந்ததுதான் நான் கடைசியாகப் பார்த்தது.

எறணாகுளம் ஸ்டேஷனுக்கு அம்மா கூட வந்தாள். பேருந்து தோப்பும்படிப் பாலம் ஏறியபோது நாங்கள் இரண்டு பேரும் பேச்சை நிறுத்திவிட்டு ஹார்பர் பக்கம் பார்த்தோம். போட்டுகளின் மஸ்துக் கம்பங்கள் நெருக்கி நின்றன. எதில் எங்கள் ஆண்டெனா என்று அந்தத் தூரத்தில் தெரியாது. பாலம் இறங்கியதும் அம்மா தன் பையைத் திறந்து, பொதிச்சோறு சூடாக இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்தாள்.

ரயில் நகரும் நேரத்தில் அவள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். எப்போது வருவாய் என்று கேட்பாள், கிறிஸ்துமசுக்கு என்று சொல்லலாம் என்று வைத்திருந்தேன்.

"பெங்களூருல காத்து எப்படி மக்களே?" என்றாள்.

"கொள்ளாம் அம்மா" என்றேன்.

திருச்சூர் தாண்டி, பாலக்காட்டுப் பக்கம் வயல்கள் வந்தபோது சோற்றைப் பிரித்தேன். வாட்டிய இலையின் மணத்தோடு மீன் பொரியலும் துவையலும் ஒரு ஓரத்தில் சுருட்டி வைத்த ஆம்லெட்டும். போனை மடியில் வைத்துக்கொண்டே சாப்பிட்டேன். பழக்கத்தில் விரல் அந்தப் படத்தின் முகவரிக்குப் போனது. பெயரும் கடவுச்சொல்லும் கேட்டது. கொடுத்தேன். அப்படி ஒருவர் இல்லை என்றது.

பாலக்காடு விட்டு வண்டி மலையைப் பார்த்து ஓடத் தொடங்கிய பிறகுதான் போன் அடித்தது. வாட்சப் அழைப்பு. அப்பாவின் பெயர். எச்சில் கையாலேயே எடுத்தேன். முதலில் எஞ்சின் சத்தம், பிறகு பலபேர் ஒரே நேரத்தில் தங்கள் தங்கள் வீட்டோடு பேசும் சத்தம், அதற்கு நடுவில் அவர்.

"மக்கா! கேக்குதா?"

"கேக்குது அப்பா. சொல்லுங்க."

"இப்பதான் ரேஞ்சு கெடைச்சுது. ஒன் பிளாஸ்குல லைட்டு எரியுது. அம்மைக்கிட்டப் பேசினேன். போயிட்டியாமே?"

"போயிட்டிருக்கேன் அப்பா. எவ்வளவோ தள்ளிப் பார்த்தேன்…"

"சரிலே, சரி. அது கெடக்கட்டும்." எஞ்சின் இரைந்தது. யாரோ அவரிடம் போனைச் சீக்கிரம் தரச் சொன்னார்கள். அவர் அந்த ஆளை ஒரு வார்த்தை திட்டினார். பிறகு என்னிடம், குரலைத் தாழ்த்தி, அன்று வீல் ஹவுசில் கேட்ட அதே குரலில் கேட்டார். "நான் பச்சையா நிக்கேனா? பாத்துச் சொல்லு."

என் கையில் படம் இல்லை. மட்டாஞ்சேரி மாடியில், யாரும் உட்காராத ஒரு நாற்காலிக்கு எதிரே அந்தப் புள்ளி நிறம் மாறியிருக்கும். ஐஸ் பிளாண்டில் டி.வி.க்குக் கீழே யாராவது ஒரு பெண் அண்ணாந்து பார்த்து, என் அம்மாவிடம் சொல்ல ஓடியிருப்பாள்.

"பச்சையா நிக்கிய அப்பா" என்றேன். "நல்ல பச்சை."

"ஆ" என்றார். அந்த 'ஆ'வில் அவர் சிரிக்கிறார் என்று தெரிந்தது. "நான் சட்டையெல்லாம் தனியா எடுத்து வெச்சிருக்கேன். நாளைக்கு அந்த மாடியில ஏறிப் பாக்கட்டா? நீ இல்லைன்னாலும் விடுவாங்களா?"

"விடுவாங்க. மேனேஜர்கிட்ட நான் சொல்றேன். சாயா எல்லாம் தருவாங்க."

"நீ இருந்த நாற்காலி எது?"

"ஜன்னல் பக்கம். அதுல இருந்து பாருங்க."

"இருக்கலாமா அதுல?"

"இருங்க அப்பா."

அவர் ஏதோ சொல்ல வந்தார். "இப்ப நீ எங்க…" என்பது வரைதான் கேட்டது. இரண்டு பக்கமும் வாளையார்க் காடு வந்துவிட்டிருந்தது. என் போனில் ரேஞ்சின் கோடுகள் ஒவ்வொன்றாகக் குறைந்து இல்லாமல் போயின. நான் இங்கிருந்து "அப்பா, வாளையாறு அப்பா, வாளையாறு" என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். எதிர் இருக்கையில் இருந்தவர் பத்திரிகையைத் தாழ்த்தி என்னைப் பார்த்தார். அங்கே அந்த வீல் ஹவுசில் அப்பா போனைக் காதில் இன்னும் அழுத்திப் பிடித்துக்கொண்டு, என்னிடமிருந்து பதில் வருகிறதா என்று நின்றிருப்பார். அடுத்தவர்கள் போனைக் கேட்டிருப்பார்கள். தந்திருக்க மாட்டார்.

மலை தாண்டி, கோயம்புத்தூரின் முதல் வீடுகள் தெரிந்தபோது கோடுகள் திரும்ப வந்தன. அவர் மறுபடி மறுபடி கூப்பிட்டிருந்தார். நான் கையைக் கழுவக்கூட எழுந்திருக்காமல் அவர் எண்ணை அழுத்தினேன்.